அசையும் உடம்புக்குத் தைத்தவர்



கல்லூரி சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் தொனியே மாறிவிடுகிறது. "பொண்ணு ஃபேஷன் டிசைனிங்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. துணி தைக்கிறதுக்கு ஒரு பட்டப்படிப்பா?" என்று கேட்கிறார்கள் பெற்றோர். "சினிமாவுக்கும் நாடகத்துக்கும் உடை வடிவமைக்க ஆசை. எங்கே தொடங்குவது?" என்று கேட்கிறார்கள் பிள்ளைகள். ஒரே வீட்டிலிருந்து அம்மா தனியாகவும் மகள் தனியாகவும் எழுதிய கடிதங்கள்கூட வருவதுண்டு. இரண்டு தரப்புக்கும் சேர்த்து இந்தப் பக்கத்தில் ஒரு மனிதரின் கதையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நீச்சலுடையும் மேடை உடையும் வடிவமைத்தே உலகப் புகழும் உலக ஏச்சும் ஒருசேர வாங்கியவர் அவர். பெயர் ரூடி கெர்ன்ரைக்.

நீச்சலுடைக்கும் மேடை உடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. கல்யாணப் புடவை கட்டியவர் மணையில் உட்கார்ந்திருந்தால் போதும். கோட்டு போட்டவர் நாற்காலியில் சாய்ந்திருந்தால் போதும். நீந்துபவரும் ஆடுபவரும் அப்படி இருக்க முடியாது. கையை வீச வேண்டும், காலை எட்டிப் போட வேண்டும், இடுப்பைத் திருப்ப வேண்டும். ஒருவர் உடை தண்ணீரில் நனையும், இன்னொருவர் உடை வியர்வையில் நனையும். இரண்டு பேரையும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் தையல் விட்டால் மானம் போகும். 1946இல் பாரீஸில் லூயி ரேயார் என்ற வடிவமைப்பாளர் தன் பிகினி நீச்சலுடையை உலகத்துக்குக் காட்டியபோது, அதை உடுத்திக்கொண்டு வந்து நின்றவர் மிஷலின் பெர்னார்தினி என்ற மேடை நடனக்காரர். இந்த இரண்டு தொழில்களும் அப்போதே கைகோத்துவிட்டன.

கெர்ன்ரைக் 1922 ஆகஸ்ட் 8 அன்று ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஒரே பிள்ளை. அப்பா காலுறைத் தொழில் நடத்தியவர். பையனுக்கு 8 வயதாகும்போதே அவர் தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு பையனுக்கு அடைக்கலமாக இருந்தது உறவுக்கார அத்தை ஒருவரின் உடைக்கடை. எந்தத் துணி எப்படி விழும், எது மடிப்பு நிற்கும், எது நிற்காது என்பதெல்லாம் அங்கேதான் அவர் கண்ணில் பட்டது. 12 வயதில் அவர் வரைந்த படங்களைப் பார்த்த ஓர் உடை வடிவமைப்பாளர், லண்டனுக்கு அனுப்பினால் தன்னிடம் தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று அழைத்தாராம். இத்தனை சின்னப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அம்மா மறுத்துவிட்டார். நமக்குக் கடிதம் எழுதும் அம்மாக்களுக்கு அந்த அம்மாவின் மனம் புரியும்.

1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. 16 வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்த அம்மா தப்பி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வந்து சேர்ந்தார். அம்மா பலகாரம் சுட, மகன் வீடு வீடாகப் போய் விற்றார். பிறகு ஒரு மருத்துவமனைப் பிணவறையில், உடற்கூறு பரிசோதனைக்கு முன்னால் பிணங்களைக் கழுவித் துடைக்கும் வேலை கிடைத்தது. 'உடம்பை இவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு தைக்கிறீர்களே, உடற்கூறு படித்தீர்களா?' என்று பிற்காலத்தில் கேட்டவர்களுக்கு, 'படித்தேனே' என்று இந்தப் பிணவறையைக் காட்டித்தான் அவர் பதில் சொல்வார். பகடிதான். ஆனால் அதில் பொய்யில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி கல்லூரியில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தவரை நாட்டியம் இழுத்தது. மார்த்தா கிரஹாம் என்ற நவீன நடனக் கலைஞரின் நடனத்தைப் பார்த்தவர், இதுதான் நம் இடம் என்று முடிவு செய்தார். அப்போது அந்த ஊரில் லெஸ்டர் ஹார்ட்டன் என்பவர் ஒரு நடனக் குழு வைத்திருந்தார். அமெரிக்காவில் நிறவேற்றுமை தலைவிரித்தாடிய அந்தக் காலத்திலேயே கறுப்பர், வெள்ளையர், ஆசியர் என்று எல்லோரையும் ஒரே மேடையில் ஆடவிட்டவர் ஹார்ட்டன். நடனம் அமைப்பதோடு நிற்பவரும் அல்ல. உடை, அரங்க அமைப்பு என்று எல்லாவற்றிலும் தானே கையை வைப்பார். 1942 முதல் 1948 வரை கெர்ன்ரைக் அந்தக் குழுவில் ஆடினார். கூடவே உடைகளும் வடிவமைத்தார்.

தான் பெரிய நாட்டியக்காரர் ஆகப்போவதில்லை என்பது அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ஆறு வருடம் வீணாகவில்லை. ஓர் உடை, தான் மூடியிருக்கும் இடத்தை மட்டுமல்ல, மூடாத கையையும் காலையும் தலையையும்கூட என்ன செய்கிறது என்பதை ஆடும்போதுதான் உணர்ந்தேன் என்று அவர் பின்னால் சொல்லியிருக்கிறார். தோள்பட்டையில் ஒரு தையல் இறுக்கினால் விரல் நுனி வரை அந்த இறுக்கம் தெரியும். கண்ணாடி முன் நிற்க வைத்து ஊசி குத்திப் பார்க்கும் டெய்லருக்கு இது பிடிபடாது. ஆடிப் பார்த்தவருக்குப் பிடிபடும்.

இதன் பலன் நீச்சலுடையில் விளைந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் விற்ற நீச்சலுடை ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் அன்றைய நிலை விளங்கும். மார்புக்குக் கிண்ணம் போலத் தைத்த கெட்டித் துணி. அது சரியாமல் நிற்கக் கம்பி. விலாவில் மேலிருந்து கீழாக ஓடும் விறைப்புப் பட்டைகள். வயிற்றை அமுக்க ரப்பர் கலந்த லைனிங். இத்தனையும் போட்டு மூட முதுகில் ஒரு ஜிப். அதை உடுத்தும் பெண்ணின் உடம்பு எப்படி இருந்தாலும் கவலையில்லை. உடைக்கு என்று ஓர் உருவம் இருந்தது, அதற்குள் உடம்பு போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். உடையைக் கழற்றி மணலில் நிறுத்தினால் ஆள் இல்லாமலேயே நிற்கும் போலிருக்கும்.

கெர்ன்ரைக் 1952 வாக்கில் இதையெல்லாம் பிடுங்கி எறிந்தார். கம்பி இல்லை, கிண்ணம் இல்லை, விறைப்புப் பட்டை இல்லை. பனியன் துணி மாதிரி இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் பின்னல் துணியை எடுத்துக்கொண்டார். அது கம்பளி நூலில் பின்னியது. நாட்டியக்காரர்கள் ஒத்திகையில் போடும் உடம்போடு ஒட்டிய உடைதான் அவருக்கு முன்மாதிரி. உடுத்தியவரின் உடம்பு எப்படியோ அப்படியே அந்த நீச்சலுடையும் இருந்தது. குனிந்தால் குனிந்தது, நிமிர்ந்தால் நிமிர்ந்தது. இன்று நீச்சல் குளத்துக்குப் போகும் பெண்களில் பெரும்பாலோர் கம்பி வைத்துத் தைத்த உடையோடு போவதில்லை. அந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்த சிலரில் அவர் முக்கியமானவர். அதே பின்னல் துணியில் குழாய் போன்ற கவுன்களையும் செய்தார். 1956இல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகையின் விருதும், 1960இல் நீச்சலுடைக்காகவே அமெரிக்க ஃபேஷன் உலகின் கோட்டி சிறப்பு விருதும் வந்தன.

இத்தனை இருந்தும் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது 1964இல் நடந்த ஒரு கலாட்டாவுக்காக. மேலாடையே இல்லாத ஒரு நீச்சலுடையை அவர் வெளியிட்டார். மேல்வயிறு வரை ஏறி நிற்கும் கீழ்ப்பகுதி; அங்கிருந்து நடு மார்பு வழியாகக் கழுத்துக்குப் போகும் இரண்டு மெல்லிய பட்டைகள்; அவ்வளவுதான். 'மோனோகினி' என்று பெயர். பெக்கி மாஃபிட் என்ற மாடல் அதை அணிந்தார்; அவருடைய கணவர் வில்லியம் கிளாக்ஸ்டன் படம் எடுத்தார். தன் கணவர்தான் எடுக்க வேண்டும், படத்தை எங்கே கொடுப்பது என்பதும் தங்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்பது மாஃபிட் போட்ட நிபந்தனை. அந்தப் படம் பத்திரிகையில் வந்ததும் உலகம் கொதித்தது. வாட்டிகன் கண்டித்தது. சோவியத் நாளேடு 'இஸ்வெஸ்தியா'வும் கண்டித்தது. பனிப்போர்க் காலத்தில் இந்த இரண்டு தரப்பும் ஒரே குரலில் பேசிய விஷயங்கள் அதிகம் இருக்காது. சிகாகோவில் அதை அணிந்து கடற்கரைக்குப் போன பெண்ணைப் போலீஸ் கைது செய்தது. விலை 24 டாலர். விற்றது சுமார் 3,000. வாங்கியவர்களில் அதைக் கடற்கரைக்குப் போட்டுக்கொண்டு போனவர்கள் அபூர்வம்.

ஓர் ஆசிரியராக என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த உடை எனக்கு ஓர் உடையாகத் தெரியவில்லை. பெண்ணுடம்பைப் பார்த்து ஏன் இத்தனை பதறுகிறீர்கள் என்று ஊரைக் கேட்ட கேள்வியாகத்தான் தெரிகிறது. அவரும் அதை அப்படித்தான் நினைத்தார். பெண்ணின் விடுதலை பற்றிய அறிக்கை என்றே பேசினார். கேள்வி நியாயமானது. ஆனால் அதன் சத்தத்தில் அவருடைய உண்மையான வேலை அமுங்கிப்போனது. கம்பியையும் கிண்ணத்தையும் எடுத்தெறிந்தது லட்சக்கணக்கான பெண்களின் உடம்புக்குச் சுகம் கொடுத்தது. அதைப் பற்றி எந்தத் தலையங்கமும் வரவில்லை. 3,000 பேர் வாங்கி அலமாரியில் வைத்த உடைக்குத்தான் தலைப்புச் செய்தி.

அதே 1964இல் அவர் செய்த இன்னொன்றைப் பாருங்கள். ஓர் உள்ளாடை நிறுவனத்துக்காக 'நோ-பிரா பிரா' என்று ஓர் உள்ளாடை வடிவமைத்தார். மெல்லிய நைலான் பின்னல் துணியில் இரண்டு சின்ன முக்கோணம், எலாஸ்டிக் பட்டை, தோளுக்கு இரண்டு நாடா. பஞ்சு இல்லை, கம்பி இல்லை, கூர் இல்லை. நீச்சலுடையில் செய்ததை அப்படியே உள்ளாடைக்குக் கொண்டுவந்தார். இது நன்றாக விற்றது. இன்றைய மென்மையான உள்ளாடைகளின் பரம்பரையைத் தேடிப் போனால் இங்கே வந்து நிற்கலாம்.

தொழிலுக்குள்ளேயே அவருக்கு எதிர்ப்பு இருந்தது. 1963இல் அவருக்குக் கோட்டி விருது அறிவித்தபோது, நார்மன் நோரெல் என்ற பெரிய வடிவமைப்பாளர் தான் ஏற்கெனவே வாங்கிய விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காரணம்? கெர்ன்ரைக் தைத்த கோட்டு ஒன்றில் ஒரு பக்கக் காலர் வளைவாகவும் இன்னொரு பக்கக் காலர் வெட்டு வைத்தும் இருந்ததாம். அதைப் படத்தில் பார்த்ததிலிருந்து விருதை ஏறெடுத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றார் அவர். காலர் ஒன்றுக்கொன்று பொருந்தாததற்கு இத்தனை கோபம்! நான்கே வருடத்தில், 1967இல், கோட்டியின் உச்ச கௌரவமும் கெர்ன்ரைக்குக்குக் கிடைத்தது. அதே வருடம் டிசம்பரில் 'டைம்' பத்திரிகையின் அட்டையிலும் இடம்பிடித்தார்.

புகழின் உச்சியில் நின்றவர் 1968இல் தொழிலிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடை என்ற எண்ணத்தோடு வந்தார். ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தலை மழித்து, ஒரே உடையில் நிறுத்திக் காட்டினார். 1970இல் அது வினோதமாக இருந்தது. இன்று நம் வீட்டுப் பையனும் பெண்ணும் ஒரே டி-ஷர்ட்டை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1975இல் வந்த 'ஸ்பேஸ்: 1999' என்ற தொலைக்காட்சித் தொடரில் சந்திரத் தளத்தில் வேலை செய்பவர்களின் சீருடை அவர் வடிவமைத்ததே. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வெட்டு; இடது கை மட்டும் வேறு நிறம். அந்தக் கையின் நிறத்தைப் பார்த்தே ஆள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிடலாம். நடிகர் வாயைத் திறக்கும் முன்பே உடை அறிமுகம் செய்துவிடுகிறது. மேடை உடைக்கும் திரை உடைக்கும் இலக்கணம் இதுதான்.

உடை மனிதர்களைப் பிரித்துக் காட்டுவது அவருக்கு ஏன் இத்தனை உறுத்தியது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. யூதர் என்பதால் ஊரை விட்டு ஓடி வந்தவர். தன்பாலீர்ப்பாளர் என்பதால் வந்த ஊரிலும் ஒளிந்து வாழ வேண்டியிருந்தவர். 1950இல் ஹாரி ஹே என்பவரோடு சேர்ந்து, தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைக்காக அமெரிக்காவில் எழுந்த முதல் அமைப்புகளில் ஒன்றான 'மேட்டஷீன் சொசைட்டி'யைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அங்கேயும் பெயர் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார். 1953 முதல் கடைசி வரை அவரோடு வாழ்ந்தவர் ஒரேஸ்தே புச்சியானி என்ற பிரெஞ்சுப் பேராசிரியர். இருவருடைய சொத்திலிருந்து பிறகு ஒரு நிதி, தன்பாலீர்ப்பாளர் உரிமைப் பணிகளுக்காக அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் வாழ்க்கையின் கடைசிப் பத்து வருடம்தான். ஹார்ட்டன் குழுவில் அவரோடு ஆடிய பெல்லா லெவிட்ஸ்கி இதற்குள் சொந்தமாக ஒரு நடனக் குழு நடத்திவந்தார். கெர்ன்ரைக் தொடங்கிய இடத்துக்கே திரும்பி, அந்தக் குழுவுக்கு உடை வடிவமைத்தார். 1976இல் அரங்கேறிய 'இன்ஸ்கேப்' என்ற நடனத்தில் இரண்டு பேர் சேர்ந்து உடுத்தும் ஒற்றை உடை ஒன்றைச் செய்தார். இரண்டு உடம்பு, ஒரே துணி. ஒருவர் நகர்ந்தால் மற்றவர் நகர்ந்தாக வேண்டும். ஒருவர் சாய்ந்தால் துணி இழுத்து இன்னொருவரிடம் சொல்லிவிடும். அந்த நடனத்தில் உடையைத் தனியாகவும் ஆட்டத்தைத் தனியாகவும் பிரிக்க முடியாது. உடையே பாதி நடனத்தை அமைத்துவிடுகிறது. துணி இழுபடும் தன்மையை 1952இல் நீச்சலுடையில் பயன்படுத்தியவர், 24 வருடம் கழித்து அதைக் கொண்டே இரண்டு மனிதர்களைப் பேச வைத்தார்.

இடையில் சூப் தயாரித்து விற்கும் தொழிலிலும் இறங்கினார் என்றால் நம்புவீர்களா? பலகாரக் கூடையோடு வீடு வீடாகப் போன பிள்ளை அல்லவா, சாப்பாட்டு வியாபாரம் அவருக்குப் புதிதில்லை. 1985 ஏப்ரல் 21 அன்று, 62 வயதில், நுரையீரல் புற்றுநோயால் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

இப்போது கடிதம் எழுதிய பெற்றோருக்கு. இந்தத் தொழிலில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். துணியின் குணம் படிக்க வேண்டும்: எது நீளும், எது சுருங்கும், எது நனைந்தால் கனக்கும். உடம்பைப் படிக்க வேண்டும். சரித்திரமும் சமூகமும் கொஞ்சம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் எந்த வழக்கத்தை எதற்காக மாற்றுகிறோம் என்பதே தெரியாது. கணக்கும் வேண்டும், 24 டாலருக்கு விற்க எத்தனை டாலருக்குள் தைக்க வேண்டும் என்று தெரியாத வடிவமைப்பாளர் கடை நடத்த முடியாது. இது பொழுதுபோக்குப் படிப்பு அல்ல.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வரைவதற்கு முன்னால் பாருங்கள். நம் ஊரிலேயே பரதநாட்டிய உடை தைப்பவரிடம் போய் நின்று பாருங்கள். விசிறி மடிப்பின் நீளத்தை நின்றபடி அளந்து விட்டுவிட மாட்டார். பெண்ணை அரைமண்டியில் உட்காரச் சொல்லிச் சரிபார்ப்பார். நின்றால் அழகாக இருப்பதும், உட்கார்ந்தால் விரிவதும், எழுந்தால் மறுபடி மடிப்பு சேர்வதும் அவர் கைக்கணக்கு. கெர்ன்ரைக் ஹார்ட்டன் மேடையில் கற்றதும் இந்த வித்தைதான். முடிந்தால் நீங்களும் கொஞ்சம் ஆடுங்கள், நீந்துங்கள், தைத்ததை நீங்களே ஒருமுறை உடுத்தி மாடிப்படி ஏறி இறங்குங்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே உறுத்துகிறது என்று உங்கள் தோளே சொல்லும். பரபரப்பால் வரும் பெயர் ஒரு பருவத்துக்குத்தான் தாங்கும். உடுத்தியவருக்கு வசதியாகத் தைத்தால் அது நாற்பது வருடத் தொழிலுக்குத் தாங்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மேடைக்கு உடை தைப்பவர்களின் பெயர் நம் அழைப்பிதழ்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆடியவர், பாடியவர், தலைமை தாங்கியவர், மைக் செட் போட்டவர் என்று எல்லோர் பெயரும் இருக்கும். விடியவிடிய உட்கார்ந்து ஜிகினா தைத்தவர் பெயர் மட்டும் விட்டுப்போகும். உங்கள் ஊரில் கூத்துக்கோ நாடகத்துக்கோ நாட்டியத்துக்கோ பள்ளி ஆண்டு விழாவுக்கோ உடை தைத்துக் கொடுப்பவர் இருந்தால், அவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, அவருடைய வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். எந்தத் துணி, எங்கே வாங்குகிறார், என்ன கூலி, எந்த உடை அவருக்குப் பெரிய சவாலாக இருந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். நல்ல கட்டுரைகளை வரும் இதழ்களில் அவர்கள் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்